புறக்கடை: அடைக்கு உட்கார்ந்த கோழி

சென்ற இரு திங்களில் இப்பகுதிக்கு வந்த மடல்களுள் மூன்று, கோழி அடைகாத்தலைப் பற்றியனவாக இருந்தன. கரமனையில் வாழும் அம்மையார் ஒருவர், தம் வீட்டு நாட்டுக்கோழி மூன்று நாளாகக் கூட்டை விட்டு எழவில்லை என்றும், தீனி எடுக்கவில்லை என்றும், கொண்டை வெளுத்துவிட்டது என்றும் எழுதியுள்ளார். காய்ச்சலாக இருக்கலாம் என்று கருதி, குழந்தைக்கு வாங்கி வைத்திருந்த மருந்தில் சில சொட்டுகளை அதன் வாயில் விட்டாராம். சாலைக் கடைத்தெருவில் தொழில் புரியும் அன்பரின் மடல் இதற்கு நேர்மாறானது. அவருடைய கோழியும் கூட்டிலேயே ஒடுங்கிக் கிடந்தது. அடைக்கு உட்கார்ந்துவிட்டது, தொந்தரவு செய்யலாகாது என்று விட்டுவிட்டார். நான்காம் நாள் காலையில் அது இறந்து கிடந்தது. பத்து நாளுக்குள் எஞ்சிய ஐந்து கோழிகளும் மடிந்தன.

இருவரும் கண்ட காட்சி ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் ஒரு கோழிக்கு நோயே இல்லை, மற்றொன்று செத்துக்கொண்டிருந்தது. இவ்வேறுபாட்டை முதல் நாளிலேயே அறிவது எவ்வாறு, அடைக்கோழியைப் பேணுவது எவ்வாறு என்பவற்றை இத்திங்கள் எழுதுகிறேன். மூன்றாம் மடலின் செய்தி இடையில் வரும்.

அடை என்பது நோயன்று. நாட்டுக்கோழி ஒரு சுற்றில் 10 முதல் 15 முட்டைகள் வரை இட்டபின் அடைக்கு உட்காருவது இயல்பு. கூட்டில் முட்டைகள் சேர்ந்து கிடப்பதும், அவை வயிற்றில் படுவதும், கூட்டின் இருளும் வெம்மையும் இவ்வேட்கையைத் தூண்டுகின்றன. அப்பொழுது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி, புரோலாக்டின் என்னும் பொருளை மிகுதியாகச் சுரக்கிறது, முட்டையிடுதல் நின்றுவிடுகிறது. மனிதரில் தாய்மார்க்குப் பால் சுரக்கச் செய்வதும் இதே பொருள்தான். 1935ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ரிடிலும் அவருடைய துணைவர்களும், முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழிகளுக்கு இதனை ஊசி வழியாகச் செலுத்தி, அவற்றை அடைக்கு உட்காரச் செய்து காட்டினர். ஆகவே, கோழி பிடிவாதம் பிடிக்கிறது என்று அதன்மீது சினம் கொள்வதில் பொருளில்லை. வெள்ளை லெகார்ன் போன்ற இனங்களில், பல தலைமுறைகளாகத் தெரிந்தெடுத்து இக்குணத்தைப் பெரும்பாலும் நீக்கிவிட்டனர். நம் நாட்டுக்கோழியிடம் அது அப்படியே இருக்கிறது.

இனி, அடையாளங்களைக் காண்போம். கூட்டருகே சென்று, கையை மெல்லக் கோழியின் வயிற்றுக்குக் கீழே செலுத்துக. அடைக்கோழியாயின் இறகுகளைச் சிலிர்த்து, உடம்பை இரு மடங்காகக் காட்டி, உறுமும், கையைக் கொத்தும். கண் தெளிவாகவும் கூர்மையாகவும் இருக்கும். நெஞ்சிலும் வயிற்றிலும் இறகு உதிர்ந்து தோல் வெறுமையாகத் தென்படும். தன் உடற்சூடு முட்டைக்கு நேரே படவேண்டும் என்பதற்காக ஏற்படும் மாறுதல் அது, சொறியன்று. கூட்டிலிருந்து தூக்கித் தரையில் விட்டால், சிறிது நேரம் மரத்தாற்போல் அமர்ந்திருந்து, பின்னர் எழுந்து குறுகுறுவென ஒலித்துக்கொண்டே அவசர அவசரமாகத் தின்னும், நீர் அருந்தும், ஒரு நாளைய எச்சத்தை ஒருங்கே இடும். அது பருத்து, பொறுக்கவொண்ணாத நாற்றத்துடன் இருக்கும். கூட்டை அசுத்தப்படுத்தாமல் அடக்கி வைத்திருந்ததன் விளைவாதலால் அதனைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. கொண்டை சிறுத்து வெளுப்பதும், முட்டையிடுதல் நின்றதனால் வரும் மாறுதலே. கரமனை அம்மையாரின் கோழி கையைக் கொத்துகிறது என்று மடலின் கடைசி வரியில் கண்டேன். அந்த ஒரு வரி போதுமானது. மருந்தை நிறுத்திவிடலாம்.

நோயுற்ற கோழிக்குச் சினம் இராது. தூக்கினால் துணிபோல் துவளும், கண்ணை மூடி மூடித் திறக்கும், கழுத்தை உள்ளிழுத்துக்கொள்ளும், சிறகு தொங்கும். தரையில் விட்டாலும் தீனியைத் தொடாது. எச்சம் நீர்த்து, வெள்ளையாகவோ பச்சையாகவோ இருக்கும். பின்புற இறகுகள் அதில் ஒட்டிக் கிடக்கும். வாயைத் திறந்து மூச்சு விடுதலும், கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளுதலும் பெருந்தீங்கின் அறிகுறிகள். முட்டை வழியில் சிக்கிக்கொண்ட கோழியும் கூட்டை நாடி உட்காருவதுண்டு. ஆனால் அது அடிக்கடி எழுந்து முக்கும்; வால் தாழ்ந்திருக்கும்; உடம்பை நெட்டுக்குத்தாக நிமிர்த்தி நிற்கும். அத்தகைய கோழியை அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தால், மறுநாள் கோழி இராமற்போகலாம்.

மருத்துவரிடம் செல்வோர்க்கு மொழி பற்றி ஒன்று சொல்லவேண்டும். நாம் வெள்ளைக்கழிச்சல் என்று கூறுவதை மலையாளத்தார் 'கோழிவசந்த' என்பர். நாம் கோழியம்மை என்பதை அவர்கள் 'கோழிவசூரி' என்பர். புதிதாக இவ்வூர்க்கு வந்த நம்மவர் காதில் இவ்விரு சொற்களும் ஒன்றுபோலவே விழும். முதற்சொல்லைக் கேட்டுவிட்டு, அம்மைதானே, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினால் ஆறிவிடும் என்று வீடு திரும்புவோர் உண்டு. கோழியம்மையில் கொண்டையிலும் முகத்திலும் கொப்புளங்கள் தோன்றிப் பொருக்குத் தட்டும். அதில் பல கோழிகள் தேறிவிடும். வெள்ளைக்கழிச்சல் அத்தகையதன்று, சில நாள்களில் கூட்டத்தையே வாரிக்கொண்டு போய்விடும். இந்நோய் 1926இல் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும், 1927இல் நம் நாட்டின் இராணிக்கேட்டிலும் கண்டறியப்பட்டது. அதனாலேயே இராணிக்கேட் நோய் என்றும் இதனை வழங்குவர். வந்தபின் இதனைத் தீர்க்கும் மருந்து இல்லை. வருமுன் தடுக்கும் ஊசியும் சொட்டு மருந்துமே காப்பு. சாலை அன்பரின் கோழிகளுக்கு ஒருமுறையேனும் தடுப்பூசி போடப்படவில்லை என்று அவரே எழுதியுள்ளார். அவர் கூறும் பச்சைக்கழிச்சலும் கழுத்துத் திருகலும் இந்நோயையே நினைப்பிக்கின்றன.

அடுத்தடுத்துக் கோழிகள் இறந்தால் அச்செய்தியை மறைக்கலாகாது. நம் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே, அழூர் ஊராட்சியில் 2023 ஜனவரியில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டு, அவ்வட்டாரத்துக் கோழிகளும் வாத்துகளும் அழிக்கப்பட்டன. இறந்த கோழியை வெறுங்கையால் தொடாமலும், இறகு பறித்துச் சமைக்காமலும், அருகிலுள்ள மிருகாசுபத்திரிக்கு உடனே தெரிவிப்பதே முறை. காசு கொடுத்து வாங்கிய பொருள் வீணாகிறதே என்னும் எண்ணம் இவ்விடத்தில் உதவாது.

நிற்க, நலமுள்ள அடைக்கோழிக்கு வருவோம். நோயன்றாயினும் அடை ஒரு கடும் நோன்பு. குஞ்சு பொரிக்க 21 நாள் ஆகும். அத்தனை நாளும் கோழி, நாளொன்றுக்கு ஒருமுறை, 15 அல்லது 20 நிமிடம் மட்டுமே கூட்டை விட்டு இறங்கும். சில கோழிகள் அதுவும் இறங்கா. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை குறைந்துவிடுவதும் உண்டு. தானே இறங்காத கோழியை நாள்தோறும் ஒரே நேரத்தில் தூக்கி வெளியே விடுதல் வேண்டும். தூக்குமுன் சிறகுகளுக்கு இடையில் முட்டை எதுவும் சிக்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்க. முழுத் தானியமாகச் சோளம், கம்பு, கோதுமை இவற்றுள் ஒன்றும், தூய நீரும் கூட்டிற்கு எதிரில் இருக்கவேண்டும். கூட்டிற்குள்ளேயே தீனிக் கிண்ணத்தை வைப்பது அன்பினால் செய்யப்படும் தீங்கு: எறும்பும் எலியும் வரும்; எச்சம் முட்டைமேல் படும்.

அடைக்கோழியைக் கொல்லும் பகை பட்டினியைவிடப் பேனும் உண்ணியும்தான் என்பது என் கருத்து. மற்ற நாளில் கோழி மண்ணைக் கிளறிப் புழுதியில் குளித்து இவற்றை உதிர்த்துக்கொள்ளும். அடையிருக்கையில் அதற்கு நேரமில்லை. வெம்மையான, அசையாத உடம்பு உண்ணிகளுக்கு விருந்தாகிவிடுகிறது. சிவப்பு உண்ணி பகலில் கூட்டின் இடுக்குகளில் ஒளிந்திருந்து இரவில் வந்து இரத்தம் குடிக்கும். ஆதலால் பகலில் மட்டும் கோழியைப் பார்ப்பவர்க்கு ஒன்றும் தெரியாது. இரவு ஒன்பது மணிக்குமேல் கைவிளக்குடன் சென்று, கூடையின் விளிம்பையும் பலகைச் சந்துகளையும் பாருங்கள். நகரும் செம்புள்ளிகள் தென்பட்டால் வைக்கோலை எரித்துவிட்டு, கூடையைக் கொதிநீரில் கழுவி வெயிலில் காயவைத்து, புதிய வைக்கோல் இடவேண்டும். அதற்குள் முட்டைகளைத் துணி விரித்த மற்றொரு கூடைக்கு மாற்றிக் கோழியை அதில் அமர்த்துக. கூட்டருகே உலர்ந்த மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்த ஒரு தட்டு இருப்பின், இறங்கும் பதினைந்து நிமிடத்தில் அது குளித்துக்கொள்ளும். எரிவாயு அடுப்பு வந்தபின் நகரத்தில் சாம்பல் அரும்பொருளாகிவிட்டது. தேநீர்க் கடைகளில் கேட்டால் கிடைக்கும். மாட்டுக்குத் தெளிக்கும் உண்ணி மருந்தைத் தாமே கலந்து கோழிமேல் பூசுவது கூடாது. உண்ணி மிகுந்தால் மருத்துவரைக் கேட்டே மருந்திடுக.

கூடை வைக்கும் இடமும் முக்கியம். மீன, மேட மாதங்களில் தகரக் கூரையின் கீழ் அடைவைத்தால் கோழி வெப்பத்தால் மடியக்கூடும். இடவப்பாதி மழை தொடங்குமுன் கூடையைச் சாரல் படாத திண்ணைக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றுவதை இரவிலேயே செய்க. சாரைப்பாம்பும், கீரியும், பெருச்சாளியும் நகரத்தின் நடுவிலும் உள்ளன. ஐந்து சென்டு நிலத்தில் வீடு கட்டி மதில் எழுப்பிவிட்டதனால் அவை வாரா என்று எண்ணவேண்டா.

இனி மூன்றாம் மடல். வலியசாலையிலிருந்து எழுதும் அன்பர், கடையில் வாங்கிய 12 முட்டைகளை அடைவைத்து 25 நாள் காத்திருந்தாராம், ஒன்றும் பொரியவில்லை, கோழி இளைத்துவிட்டது. இந்நகரத்துக் கடைகளில் விற்கும் வெள்ளை முட்டைகளுள் பெரும்பகுதி நாமக்கல்லிலிருந்து வருபவை. நம்மைப் போலவே எல்லை கடந்து பிழைக்க வந்தவை. ஆனால் அவற்றுக்கு வழித்தோன்றல் இல்லை. அப்பண்ணைகளில் பெட்டைகள் கூண்டுகளில் தனியே வைக்கப்படுகின்றன. சேவல் சேராத முட்டையில் கரு இல்லை. எத்தனை நாள் அடைகாத்தாலும் அது அழுகுமேயன்றிப் பொரியாது.

ஆகவே முட்டை எங்கிருந்து வந்தது என்பதே முதற்கேள்வி. அண்டை வீட்டார் துயில் கலைகிறது என்று முறையிடுவதால் பலர் சேவல் வைப்பதில்லை. அத்தகையோர், சேவல் உள்ள வீட்டிலிருந்து முட்டை கேட்டுப் பெறலாம். அம்முட்டைகள் இட்டு ஏழு நாளுக்கு மேற்படாதவையாகவும், குளிர்பதனப் பெட்டியில் வைக்கப்படாதவையாகவும், கழுவப்படாதவையாகவும் இருத்தல் நலம். கோழியின் உடம்பு முற்றிலும் மூடும் அளவுக்கே வைக்கவேண்டும்; சாதாரண நாட்டுக்கோழிக்குப் பத்துப் பன்னிரண்டு போதும். பேராசையால் பதினெட்டு வைத்தால், விளிம்பில் உள்ளவை மாறி மாறிக் குளிர்ந்து எல்லாமே கெடும். ஏழாம் நாள் இரவில், இருட்டறையில் ஒவ்வொரு முட்டையையும் கைவிளக்கின் எதிரே பிடித்துப் பாருங்கள். கருவுள்ளதில் சிலந்திவலைபோல் இரத்த நரம்புகள் தெரியும். தெளிந்த வெளிச்சமாகத் தெரிவதை எடுத்துவிடலாம். விட்டுவைத்தால் அழுகி வெடித்து மற்றவற்றையும் பாழாக்கும்.

சிலர் வாத்து முட்டைகளையும் கோழியின் கீழ் வைக்கின்றனர். குட்டநாட்டு வாத்துகள் அடையிருப்பதில் நாட்டமற்றவை. அவற்றின் முட்டைகளைக் கோழியைக் கொண்டு பொரிக்கச் செய்வது இந்நாட்டுப் பழைய வழக்கம். ஆனால் வாத்து முட்டைக்கு 28 நாள் வேண்டும். கோழிக்கு நாள் எண்ணத் தெரியாது. குஞ்சின் குரல் கேட்கும்வரை அது உட்கார்ந்தே இருக்கும். அந்த ஏழு நாளும் அதன் உடம்பிலிருந்தே செலவாகிறது. நல்ல சதைப்பிடிப்புள்ள கோழிக்கன்றி இவ்வேலையைக் கொடுக்கலாகாது.

கருமுட்டை கிடைக்காதவர்க்கு மற்றொரு வழியும் உண்டு. குடப்பனைக்குன்றில் மாநிலக் கால்நடை பராமரிப்புத் துறையின் கோழிப்பண்ணை இருக்கிறது. ஒருநாள் குஞ்சுகளை வாங்கி வந்து, இரண்டு மூன்று வாரம் அடையிருந்த கோழியின் கீழ், நன்கு இருட்டியபின் ஒவ்வொன்றாகச் செருகிவிட்டால், பெரும்பாலான கோழிகள் அவற்றைத் தம் குஞ்சுகளாகவே ஏற்கும். பொழுது விடிந்தவுடன் சென்று பார்க்கவேண்டும். கொத்தும் கோழியாயின் குஞ்சுகளை உடனே எடுத்துவிடுக.

இவற்றில் எதற்கும் வசதியில்லாதவர், கோழி உட்கார்ந்த இரண்டு மூன்று நாளுக்குள் அடையைக் கலைத்துவிடுவதே நன்று. வெறுங்கூட்டில் விட்டால் ஐந்தாறு வாரம்கூட உட்கார்ந்து நலிந்துவிடும். கலைப்பதற்கு நம் ஊர்ப்புறங்களில் கையாளும் முறைகள் சிலவற்றை நான் வெறுக்கிறேன். குளிர்ந்த நீரில் முக்குதல், மூக்குத் துளையில் இறகைச் செருகுதல், காலைக் கட்டிப் பட்டினி போட்டுக் கூடையால் கவிழ்த்தல் ஆகியன அவை. முதலிரண்டும் வதை. கடைசியானது வதையேயன்றி அறியாமையுமாம்: இருளே அடையை வளர்க்கிறது என்று மேலே கண்டோம், அடையைக் கலைக்க எண்ணி இருட்டில் அடைப்பானேன்? வேண்டுவது இதற்கு மாறானது. காய்கறிக் கடைகளில் உள்ள துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை நான்கு செங்கல்மேல் வைத்து, வைக்கோல் இடாமல், கோழியை அதில் விட்டு, மேலே கம்பி வலையால் மூடுக. வெளிச்சமும் காற்றும் உள்ள நிழலில் வைத்து, தீனியும் நீரும் வயிறார வைக்கவேண்டும். கீழிருந்து வரும் காற்றால் வயிற்றின் சூடு தணியும். ஒடுங்கி உட்கார மெத்தை இல்லை. மூன்று முதல் ஐந்து நாளில் உறுமல் அடங்கிவிடும். ஓரிரு வாரத்தில், சில கோழிகள் இன்னும் சற்றுத் தாமதித்து, மீண்டும் முட்டையிடத் தொடங்கும்.

அடைக்கூடையில் இரும்புத் துண்டும், கரியும், மிளகாய் வற்றலும் வைத்தால் இடியோசையால் கரு கலங்காது என்று நம் மூதாட்டியர் கூறுவர். இடியினால் கரு கெடும் என்பதற்குச் சான்று இல்லை. வைப்பதனால் தீங்கும் இல்லை. மழைக்காலத்தில் முட்டை கெடுவதற்குக் காரணம் ஈரமும், கோழி அஞ்சி எழுந்துவிடுவதுமேயாகும்.

பத்தொன்பதாம் நாளிலிருந்து கூடையருகே காது வைத்தால், ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சு கீச்சிடுவதைக் கேட்கலாம். கோழியும் மறுமொழி கொடுக்கும். கோழிக்குத் தன் குஞ்சைக் காண்பதினும் அதன் குரலைக் கேட்பதே பெரிது. குஞ்சைக் கண்ணாடிக் கவிகையின் கீழ் வைத்து, குரல் வெளிவராமல் செய்தபோது, கண்ணெதிரே அது தவிப்பதைக் கண்டும் தாய்க்கோழி பொருட்படுத்தாமல் மேய்ந்ததாம். 1933இல் ஜெர்மனியில் செய்த சோதனை இது. ஆகவே இந்நாள்களில் கூட்டருகே வானொலியோ தொலைக்காட்சியோ இரைந்துகொண்டிராமல் பார்த்துக்கொள்வது நன்று.

முதற்குஞ்சு பொரிந்தவுடன் தீனி கொடுக்க வேண்டும் என்று கோழியைக் கூட்டிலிருந்து இறக்கிவிடாதீர்கள். குஞ்சின் வயிற்றில் மஞ்சட்கருவின் எச்சம் உளது. அதனைக்கொண்டு இரண்டு நாள் அது தாங்கும். ஒருநாள் குஞ்சுகள் காற்றுத்துளையிட்ட அட்டைப் பெட்டிகளில் தீனியும் நீருமின்றி இரயிலில் நெடுந்தொலைவு செல்வது இதனால்தான். பார்சல் அலுவலகத்தில் அப்பெட்டிகளைக் கண்டு, இரக்கத்தால் அரிசி தூவ முற்படுவோரைத் தடுக்க வேண்டியிருக்கும். தாய்க்கோழி எஞ்சிய முட்டைகளுக்காக ஒரு நாள் கூடுதலாகக் காத்திருப்பதை நாம் குலைக்கலாகாது.

குஞ்சுகளுக்கு 5 முதல் 7 நாள் ஆகும்போது வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடவேண்டும்; எட்டாம் வாரத்தில் ஊசி. மருந்துக் குப்பியைப் பனிக்கட்டியிட்ட குடுவையில் கொண்டுவருக. கரைத்தபின் சில மணி நேரத்தில் அது வீரியம் இழந்துவிடும். ஒரு குப்பி பெரும்பாலும் நூறு குஞ்சுகளுக்கு ஆகும். பத்துக் குஞ்சு வைத்திருப்பவர் தனியே வாங்கினால் தொண்ணூறு பங்கு சாக்கடைக்குத்தான் போகும். ஆதலால் ஒரே தெருவில் கோழி வளர்ப்போர், மலையாளத்து அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு, ஒரே நாளில் மருந்திட ஏற்பாடு செய்துகொள்ளலாம்.